ஊசி குத்தினால் உரக்கச் சொல்லுங்கள்

புதன்கிழமை எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி நாள். காலையிலேயே வேப்பமரத்தடியில் தாய்மார்கள் கூடிவிடுவார்கள். திருத்தணியிலிருந்து ஆந்திர எல்லைப் பக்கம் போகிற ஊர்கள் என்பதால் சிலர் தமிழிலும் சிலர் தெலுங்கிலும் குழந்தையைச் சமாதானம் செய்துகொண்டிருப்பார்கள். ஊசி போட்டு வெளியே எடுக்கும் நொடியில்தான் குழந்தை காலை உதறும். அம்மாவின் பிடி நழுவும். குழந்தையின் தொடையிலிருந்து வந்த ஊசி நர்ஸின் விரலில் ஏறிவிடும். வரிசையில் இன்னும் பல குழந்தைகள் காத்திருக்கிறார்கள். நர்ஸ் பஞ்சால் விரலைத் துடைத்துக்கொண்டு அடுத்த குழந்தையைக் கூப்பிடுவார்.

துடைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கும் அந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு. நான் ஸ்டாஃப் நர்ஸ். என்னைப் போன்ற நர்ஸ்கள், கிராம சுகாதார செவிலியர்கள், லேப் டெக்னீஷியன்கள், வார்டைக் கூட்டித் துடைக்கும் அக்காக்கள், வீடு வீடாகப் போய் சுகர் பார்க்கும் தன்னார்வலர்கள், இவர்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன். இவர்கள் வீட்டில் இருப்பவர்களும் படித்தால் நல்லது.

மூன்று நாள் கழித்துச் சொன்ன அக்கா

எங்களோடு வேலை செய்யும் தூய்மைப் பணியாளர் அக்கா ஒருவர். பிரசவ அறையின் சிவப்புப் பையைக் கட்டித் தூக்கும்போது, அதில் இருக்கவே கூடாத ஓர் ஊசி பையைக் கிழித்துக்கொண்டு அவர் உள்ளங்கையில் ஏறிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. கையில் துணி சுற்றியிருப்பதைப் பார்த்து நான்தான் கேட்டேன்.

"என்னக்கா கையில?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர், லேசா குத்திடுச்சு."

"எப்போ?"

"மூணு நாளாச்சு சிஸ்டர். சொன்னா, பார்த்து வேலை செய்யத் தெரியாதான்னு கேப்பாங்க. அப்புறம் ரத்தம் டெஸ்ட் பண்ணி ஏதாச்சும்னு வந்துட்டா வேலையை விட்டு எடுத்துடுவாங்க. வீட்டுல என்ன நினைப்பாங்க?"

மூன்று நாள் என்பது 72 மணி நேரம். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையைத் தொடங்குவதற்கான கடைசி எல்லை அதுதான். அக்கா சொன்ன நேரத்தில் அந்தக் கதவு மூடிவிட்டது. பிறகு ஆறு மாதம், ஒவ்வொரு பரிசோதனைக்கும் போகும் வழியில் அவர் முகத்தைப் பார்க்க முடியாது. கடைசிப் பரிசோதனை வரை எல்லாமே நெகட்டிவ். நிம்மதிதான். ஆனால் அந்த ஆறு மாதப் பயத்துக்குக் காரணம் ஊசி மட்டும் இல்லை. சொன்னால் திட்டு விழும் என்ற நினைப்பு அவர் வாயைக் கட்டிப்போட்டிருந்தது. ஊசியை சிவப்புப் பையில் போட்டவரை யாரும் தேடவில்லை. குத்துப்பட்டவர்தான் குற்றவாளி மாதிரி ஒளிந்துகொண்டிருந்தார்.

எதற்கு எவ்வளவு பயப்பட வேண்டும்?

ரத்தத்தின் வழியாகப் பரவுகிறவற்றில் நாம் கவனிக்க வேண்டியவை மூன்று: ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, எச்.ஐ.வி. ஊசி குத்தியதும் எல்லோர் மனசும் எச்.ஐ.வி.க்குத்தான் ஓடும். கணக்கைப் பார்த்தால் பயத்தின் வரிசை தலைகீழாக இருக்க வேண்டும்.

எச்.ஐ.வி. உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி 1000 பேரைக் குத்தினால், மருந்து எதுவும் எடுக்காத நிலையில் சுமார் 3 பேருக்குத் தொற்று வரலாம். ஹெபடைட்டிஸ் சி 100 பேரில் 2 பேருக்கும் குறைவு. ஆனால் ஹெபடைட்டிஸ் பி உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி, தடுப்பூசி போடாதவர்களைக் குத்தினால், அந்த நோயாளியின் ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்து, 100 பேரில் 6 முதல் 30 பேருக்கு வரலாம். அந்த வைரஸ் காய்ந்துபோன ரத்தத்திலும் ஏழு நாள் உயிரோடு இருக்கும். மேசை விளிம்பில், பி.பி. கருவியின் துணியில், நாம் கவனிக்காத சிறு துளியில்கூட இருக்கும்.

உலகம் முழுவதும் சுமார் மூன்றரைக் கோடி சுகாதாரப் பணியாளர்களில் ஆண்டுக்கு 30 லட்சம் பேர் இப்படி ஊசியாலோ கூர்மையான கருவியாலோ குத்துப்படுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2002ல் கணக்கிட்டது. சுகாதாரப் பணியாளர்களுக்கு வரும் ஹெபடைட்டிஸ் பி தொற்றில் 100க்கு 37 வேலை செய்யும் இடத்திலேயே வருவது என்றும் அந்தக் கணக்கு சொன்னது. இதில் பெரும் பங்கு நம்மைப் போன்ற நாடுகளில்தான்.

பெரிய ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டரில்தான் இந்த ஆபத்து என்று நினைக்கிறவர்கள் ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து பார்க்கட்டும். தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் மருத்துவ நிலையங்களில்தான் நடக்கிறது. ராத்திரி ஷிஃப்டில் ஒரே நர்ஸ், உதவிக்கு ஒருவர். குழந்தை வெளியே வரும்போது ரத்தமும் பனிக்குட நீரும் முகத்தில் தெறிக்கும். நஞ்சுக்கொடி வந்ததும் தையல், அதுவும் மங்கலான வெளிச்சத்தில். பகலில் லேப்பில் ஒரே டெக்னீஷியன் வரிசையாகப் பலருக்கு ரத்தம் எடுப்பார். விசைத்தறியில் விரல் மாட்டிக்கொண்டவர் வருவார். திருப்பதி சாலையில் பைக்கிலிருந்து விழுந்தவர் வருவார். ஆடிக் கிருத்திகை நாட்களில் மலையடிவாரத்து முகாமில் காவடி சுமந்து மயங்கி விழுந்தவர்களுக்குக் கூட்ட நெரிசலுக்கு நடுவே குளுக்கோஸ் ஏற்றுவோம். கை இடிபடும், ஊசி கையில் இருக்கும். இத்தனைக்கும் நடுவில் ஊசியை எங்கே வைப்பது என்று யோசிக்கக் கிடைப்பது ஒரு நொடி.

காட்பாடி ரயிலில் போன ரத்தம்

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்ட கதை நம் ரயில் பாதையில்தான் நடந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மாணவியாக இருந்த டாக்டர் செல்லப்பன் நிர்மலாவிடம், பேராசிரியர் சுனிதி சாலமன் இந்த ஆய்வை எடுத்துச் செய்யச் சொன்னார். எய்ட்ஸ் வெளிநாட்டு நோய், நம் ஊருக்கு வராது என்று பலரும் நம்பிய காலம். பாலியல் தொழிலில் இருந்து பிடிபட்டு மயிலாப்பூர் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் நிர்மலா ரத்த மாதிரி எடுத்தார். 80க்கும் மேற்பட்ட மாதிரிகள். கையில் கிளவுஸ் இல்லை, வேறு பாதுகாப்பும் இல்லை. எடுத்த மாதிரிகளை வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்துப் பாதுகாத்தார்.

சென்னையில் அப்போது அந்தப் பரிசோதனை வசதி இல்லை. 1986 பிப்ரவரியில் ஐஸ் பெட்டியில் மாதிரிகளோடு நிர்மலாவும் அவர் கணவரும் ராத்திரி ரயில் ஏறிக் காட்பாடிக்குப் போனார்கள். சென்னையிலிருந்து காட்பாடி போகும் ரயில் நம் பக்கத்து அரக்கோணத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் ஜானின் ஆய்வகத்தில் ஆறு மாதிரிகள் பாசிட்டிவ் என்று தெரிந்தது. அந்த மே மாதம் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அதை அறிவித்தார்.

இந்தக் கதையை அவர்களுடைய கண்டுபிடிப்புக்காகத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதில் முதலில் தெரிவது கிளவுஸ் போடாத அந்தக் கைகள். ரத்தத்தைக் கையாளும் எவரும் எல்லா நோயாளியின் ரத்தத்தையும் தொற்று உள்ளதாகவே எண்ணி வேலை செய்ய வேண்டும் என்ற விதிமுறை அமெரிக்காவிலேயே 1980களின் நடுவில்தான் வடிவம் பெற்றது. நாட்டின் மிக முக்கியமான ஒரு மருத்துவ உண்மையைத் தேடிப் போன பெண்ணுக்கு ஒரு ஜோடி கிளவுஸ் கிடைக்கவில்லை. அவர் துணிச்சலைப் பாராட்டுவோம். ஆனால் இன்று ஒரு நர்ஸிடமோ தூய்மைப் பணியாளரிடமோ அந்தத் துணிச்சலை எதிர்பார்க்க யாருக்கும் உரிமை இல்லை.

முகத்தைப் பார்த்துக் கிளவுஸ் போடாதீர்கள்

தமிழ்நாட்டில் எய்ட்ஸ் விழிப்புணர்வு வேகமாகப் பரவியது. 1994லேயே மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தைத் தொடங்கிவிட்டார்கள். 2000களின் தொடக்கத்தில் வந்த புள்ளிராஜா விளம்பரம் இன்னும் பலருக்கு நினைவிருக்கும். எல்லைக்கு அந்தப் பக்கம் தெலுங்கில் புலிராஜா. திருத்தணி மலையில் முடி காணிக்கை கொடுக்க வருகிறவர்கள்கூடப் புது பிளேடு போடச் சொல்லிக் கேட்பார்கள். மக்கள் தங்களைக் காத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டார்கள். எதிரில் பிளேடு பிடித்திருப்பவரின் விரல் அறுபடுமே என்ற யோசனைதான் யாருக்கும் வரவில்லை.

அந்த விழிப்புணர்வோடு ஒரு கெட்ட பழக்கமும் வந்தது. "இவங்க பாசிட்டிவ்" என்று தெரிந்தால் இரண்டு கிளவுஸ் போடுவது, மற்றவர்களுக்கு வெறுங்கையால் ரத்தம் எடுப்பது. இதில் இரண்டு தவறு. முதலாவது, அந்த நோயாளியை அவமானப்படுத்துகிறோம். இரண்டாவது, நம்மையே ஏமாற்றிக்கொள்கிறோம். தாய்வீட்டுக்கு வந்த இடத்தில் வலி எடுத்து, பரிசோதனைச் சீட்டு எதுவும் கையில் இல்லாமல், பிள்ளை தலை தெரியும் நிலையில் பெண்கள் எங்களிடம் வந்து சேர்வார்கள். அவர்களுக்கு எந்தத் தொற்று இருக்கிறது, இல்லை என்று கேட்க நேரமும் இல்லை, கேட்கவும் வேண்டியதில்லை. ஊர்த் தலைவர் வீட்டு மருமகளாக இருந்தாலும், ஊர் பேர் தெரியாதவராக இருந்தாலும் ஒரே கிளவுஸ், ஒரே ஏப்ரன், ஒரே கண்ணாடி. பாசிட்டிவ் என்று தெரிந்து, எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடும் ஒருவரின் ரத்தத்தில் வைரஸ் மிகக் குறைவாக இருக்கும். தனக்கு இருப்பதே தெரியாதவரின் ரத்தத்தில்தான் அதிகம்.

குத்திவிட்டால் என்ன செய்வது

இந்தப் பகுதியைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கையில் இருக்கும் வேலையை நிறுத்துங்கள். குழாயைத் திறந்து, ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காயத்தைப் பிதுக்கி ரத்தம் எடுக்க வேண்டாம். விரலை வாயில் வைக்கவே கூடாது. ஸ்பிரிட், டெட்டால், பிளீச்சிங் கரைசல் எதையும் ஊற்ற வேண்டாம். அவை தோலை இன்னும் புண்ணாக்கும். கண்ணில் தெறித்தால் சுத்தமான தண்ணீரால் நன்றாகக் கழுவுங்கள். வாயில் பட்டால் துப்பிவிட்டுப் பலமுறை கொப்பளியுங்கள்.

அடுத்து உடனே மருத்துவ அலுவலரிடம் சொல்லுங்கள். ராத்திரியாக இருந்தால் போனில் சொல்லுங்கள். எந்த ஊசி, எவ்வளவு ஆழம், ரத்தம் கண்ணுக்குத் தெரிந்ததா, யாருக்குப் போட்ட ஊசி என்று சொல்லிப் பதிவேட்டில் எழுதச் செய்யுங்கள். நோயாளியின் சம்மதம் வாங்கி அவர் ரத்தத்தையும், உங்கள் ரத்தத்தையும் பரிசோதிப்பார்கள். தூய்மைப் பணியாளர்களுக்கு நேர்வது போல யாருடைய ஊசி என்றே தெரியாவிட்டாலும் சொல்லத்தான் வேண்டும். மாத்திரை தேவையா என்று டாக்டர் முடிவு செய்வார்.

எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை நாங்கள் 'பெப்' என்போம். முதல் டோஸ் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டால் மிகவும் நல்லது, 72 மணி நேரத்துக்குள் போட்டே ஆக வேண்டும். பரிசோதனை முடிவுக்காகக் காத்திருந்து முதல் டோஸைத் தள்ளிப்போடக் கூடாது. நோயாளிக்குத் தொற்று இல்லை என்று உறுதியானால் நிறுத்திவிடலாம். இல்லையென்றால் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். 1997ல் வெளிவந்த ஒரு பன்னாட்டு ஆய்வில், ஒரே ஒரு பழைய மருந்தைச் சாப்பிட்டவர்களுக்கே தொற்று வாய்ப்பு சுமார் 81 சதவீதம் குறைந்திருந்தது. இப்போது மூன்று மருந்துகளைச் சேர்த்துத் தருகிறார்கள். கர்ப்பமாக இருந்தாலோ பால் கொடுத்துக்கொண்டிருந்தாலோ டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதற்காகப் பயந்து பேசாமல் இருந்துவிடாதீர்கள்.

ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி முழுதாகப் போடாதவர் என்றால் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் ஊசியும் தேவைப்படலாம். அதை முடிந்தவரை 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஹெபடைட்டிஸ் சி-க்குத் தடுப்பூசியும் இல்லை, முன்கூட்டிப் போடும் மருந்தும் இல்லை. ஆனால் பின்தொடர் பரிசோதனையில் தெரியவந்தால், பெரும்பாலோருக்குச் சுமார் மூன்று மாத மாத்திரையில் முழுதாகக் குணமாகிவிடும். 2018ல் தொடங்கிய தேசிய திட்டத்தில் அந்த மாத்திரை இலவசம்.

வேலை போய்விடுமோ என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி. 2017ல் இயற்றி 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம், ரத்தத்தோடு வேலை செய்யும் எல்லோருக்கும் பாதுகாப்புப் பொருட்கள், பயிற்சி, குத்துப்பட்டால் தடுப்பு மாத்திரை, மூன்றையும் தர வேண்டியது நிறுவனத்தின் கடமை என்கிறது. தொற்று இருப்பதைக் காரணம் காட்டி வேலையில் பாரபட்சம் காட்டுவதையும் தடை செய்கிறது. சம்மதம் இல்லாமல் பரிசோதிப்பதும் முடிவை வெளியே சொல்வதும் தவறு. நிரந்தரப் பணியாளருக்கு மட்டும் என்று அந்தச் சட்டத்தில் எழுதவில்லை. சந்தேகம் இருந்தால் 1097 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.

மூன்று ஊசியில் தீரும் பயம்

மூன்றில் அதிகம் தொற்றுவது ஹெபடைட்டிஸ் பி என்றேன். தடுப்பூசி இருப்பதும் அதற்கு மட்டும்தான். முதல் நாள் ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதத்தில் ஒன்று. கடைசி ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டால் நிம்மதி. ஒரு காலத்தில் இறக்குமதி செய்து யானை விலைக்கு விற்ற ஊசி இது. 1997ல் ஹைதராபாதின் சாந்தா பயோடெக்னிக்ஸ் உள்நாட்டிலேயே தயாரித்த பிறகுதான் சாதாரண மக்கள் கைக்கு எட்டியது. தமிழ்நாட்டில் 2011 இறுதியிலிருந்து ஐந்து நோய்க்கான பென்டாவேலன்ட் ஊசியோடு குழந்தைகளுக்கு இது சேர்ந்தே போகிறது.

இப்போது யோசித்துப் பாருங்கள். புதன்கிழமை குழந்தைகளுக்கு இந்த ஊசியைப் போடுகிற இடத்திலேயே, அந்தக் காலி ஊசிகளை அள்ளும் அக்கா ஓர் ஊசிகூடப் போட்டிருக்க மாட்டார். அவர் பிறந்த காலத்தில் அட்டவணையில் இது கிடையாது. மருத்துவக் கழிவைக் கையாளும் எல்லோருக்கும் ஹெபடைட்டிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. ஏஜென்சி மூலம் வந்தவர், தற்காலிகம், தொகுப்பூதியம் என்று வைரஸ் ஆள் பார்ப்பதில்லை.

2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டு வாசலில் உட்கார்ந்து விரலில் குத்தி சுகர் பார்க்கும் பெண்களையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். லான்செட் சின்னதுதான். ஆனால் அதைப் போட ஒரு கெட்டியான டப்பா அவர்கள் பையில் இருக்கிறதா? காகிதத்தில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தால் அடுத்துக் குத்தப்போவது அவர்கள் விரலைத்தான்.

ஆளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை

"ஜாக்கிரதையா இருங்க" என்ற அறிவுரை எங்களுக்குக் குறைவில்லாமல் கிடைக்கிறது. மூடியைத் திரும்ப ஊசியில் போடாதீர்கள், ஹப் கட்டரில் வெட்டுங்கள், ஊசியை வெள்ளை டப்பாவில் போடுங்கள். எல்லாம் சரி. ஹப் கட்டர் பழுதாகி மூலையில் கிடந்தால்? வெள்ளை டப்பா நிரம்பி வழிந்தால்? அது அறையின் மறுகோடியில் இருந்தால்? ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு பத்தடி நடக்கிறவர் குத்துப்பட்டால் அது அவர் கவனக்குறைவா?

தடுப்பூசித் திட்டத்தில் நாம் பயன்படுத்தும் ஏ.டி. சிரிஞ்ச் ஒருமுறை போட்டதும் தானே பூட்டிக்கொள்ளும். அதனால் குழந்தைகள் பாதுகாப்பாக இருக்கிறார்கள். ஆனால் ஊசி முனை திறந்தபடியேதான் இருக்கும். போடுகிறவருக்கு அந்தப் பூட்டால் பயன் இல்லை. போட்டு முடித்ததும் முனை உள்ளே போய்விடும், அல்லது உறை மூடிக்கொள்ளும் ஊசிகள் இருக்கின்றன. குத்துப்பட்டுத் தொற்று வாங்கிய நர்ஸ்கள் வெளிப்படையாகப் பேசிப் போராடியதால் அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டில் அதற்கென்றே சட்டம் வந்தது. 2015ல் உலக சுகாதார நிறுவனமும் அப்படிப்பட்ட ஊசிகளுக்கு மாறச் சொன்னது. அங்கே மாற்றம் வந்ததற்குக் காரணம் குத்துப்பட்டவர்கள் வாய் திறந்தது. பதிவேட்டில் ஏறாத குத்து கணக்கில் வராது. கணக்கில் வராததற்கு யாரும் டப்பாவோ நல்ல ஊசியோ வாங்கித் தரப்போவதில்லை.

அதனால் மருத்துவ அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். யாராவது வந்து "ஊசி குத்திடுச்சு" என்றால் முதல் கேள்வி "எப்படிக் குத்தினது?" என்று இருக்க வேண்டாம். "கழுவினீங்களா? வாங்க, உட்காருங்க" என்று தொடங்குங்கள். பெப் மாத்திரை எந்த அலமாரியில் இருக்கிறது, சாவி யாரிடம், உங்களிடம் இல்லையென்றால் திருத்தணியா திருவள்ளூரா எங்கே போக வேண்டும், ராத்திரி எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும், இதை ஒரு காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதிப் பிரசவ அறையிலும் லேப்பிலும் கழிவுப் பைகள் வைக்கும் இடத்திலும் ஒட்டுங்கள். தமிழில் எழுதுங்கள். நம் பக்கம் தெலுங்கிலும் எழுதினால் இன்னும் நல்லது.

என் சக நர்ஸ்களுக்கு: வருகிற புதன்கிழமை தடுப்பூசிப் பெட்டியைத் திறப்பதற்கு முன் உங்கள் நிலையத்துத் தூய்மைப் பணியாளரிடம் "அக்கா, நீங்க ஹெபடைட்டிஸ் பி ஊசி மூணும் போட்டிருக்கீங்களா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் அன்றைக்கே மருத்துவ அலுவலரிடம் சொல்லி இண்டென்டில் எழுதச் சொல்லுங்கள். கேட்டுவிட்டு என்ன பதில் வந்தது என்று இங்கே வந்து எழுதுங்கள். எத்தனை பேர் போடாமல் இருக்கிறார்கள் என்று நமக்கே தெரிய வேண்டும். தெரிந்தால்தான் எல்லோரும் சேர்ந்து கேட்க முடியும்.